குழந்தைக்கு டயப்பர் மாற்ற வீட்டில் எந்த இடம் சரி? முழுமையான வழிகாட்டி

பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை துணியோ டயப்பரோ மாற்ற வேண்டியிருக்கும். 10 என்று வைத்துக்கொண்டாலே முதல் மாதத்துக்கு 300 ஆகிறது. பால் கொடுப்பதை விட்டால் வீட்டில் இத்தனை தடவை நடக்கப்போகிற வேலை வேறு இல்லை. தொட்டிலை எந்தக் கொக்கியில் மாட்டுவது, குழந்தையை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடத்துவது என்றெல்லாம் வீடே கூடிப் பேசும். டயப்பரை எங்கே வைத்து மாற்றுவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் மாற்றுவோம். அப்புறம் அதுவே பழக்கமாகிவிடும்.

விழுகிற குழந்தைகள் பெரும்பாலும் விழுவது அந்த ஓரத்திலிருந்துதான். டயப்பரைக் கழற்றிய பிறகுதான் பஞ்சு தீர்ந்துபோனது தெரியும். துடைத்து முடித்த பிறகுதான் மாற்றுத் துணி இன்னும் கொடியில் காய்வது நினைவுக்கு வரும். 'இன்னும் குப்புறக்கூட விழவில்லையே, எங்கே போய்விடப் போகிறது' என்று எழுந்து போகிற அரை நிமிடம் போதும். குப்புற விழத் தெரியாத குழந்தையும் காலை உதைத்து உதைத்தே நகரும்.

ஆகவே இடம் தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இங்கே உட்கார்ந்தால் வேலை முடிகிறவரை நடுவில் எழுந்து போகத் தேவையில்லாமல் இருக்குமா? இருக்கும் என்றால் அது நல்ல இடம். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே, எட்டாம் மாதம் முடிகிறபோது உட்கார்ந்து யோசித்தால் நிதானமாக முடிவெடுக்கலாம்.

1. யார் மாற்றப் போகிறார்கள்?

தரையா, உயரமா என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது மாற்றுகிறவரின் முதுகும் முழங்காலும்.

நம் ஊரில் இதை ஒதுக்கிவிட முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதாவது ஏறக்குறைய இரண்டில் ஒரு தாய் வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வருகிறார். தரையில் உட்கார்ந்து, குழந்தையையும் ஏந்திக்கொண்டு எழுந்திருப்பது முதல் சில வாரங்களுக்கு அவரால் ஆகாது. இந்தப் பக்கம் பார்த்தால் பாட்டி. தரையில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கத்தான் இன்னொருவர் கை வேண்டும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வைத்திருந்தால் அவருக்கு எது வசதி என்றும் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாதான் மாற்றப்போகிறார் என்றால் அவருடைய உயரமும் கணக்கில் வரும்.

சிசேரியன் ஆனவருக்கு நான் சொல்வது இதுதான். கட்டிலுக்கு எதிரே, கட்டிலைவிடச் சற்றுத் தாழ்வான, கை வைக்காத நாற்காலியோ ஸ்டூலோ போடுங்கள். குழந்தையின் கால் உங்கள் பக்கம் இருக்கும்படி கட்டிலின் குறுக்கே கிடத்துங்கள். ஓரத்திலிருந்து ஒரு முழமாவது உள்ளே தள்ளியே இருக்கட்டும். உங்கள் உடம்பே ஒரு தடுப்பாக நிற்கும். கட்டிலிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்து இடுப்பைத் திருகித் திருகி மாற்றினால் சாயங்காலத்துக்குள் தையல் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிடும்.

பாட்டிகளின் முறையையும் மட்டமாக எண்ண வேண்டாம். சுவரில் சாய்ந்து காலை நீட்டி, குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கிடத்துவதுபோல இரண்டு காலுக்கும் நடுவே கிடத்திக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் கால் அணை கட்டியிருப்பதால் குழந்தை உருளவே முடியாது. நாடா கட்டும் துணி நாப்பிக்கு இது அருமையான முறை. ஒட்டும் பட்டி வைத்த டயப்பருக்குத்தான் கொஞ்சம் தகராறு, இடுப்புக்கு அடியில் டயப்பர் சமமாக விரியாது. மடியில் ஒரு தட்டையான தலையணை போட்டுக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும்.

ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு ஒத்துவராவிட்டால் இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில்தான் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

2. தண்ணீருக்கு எவ்வளவு தூரம்?

வைப்ஸ் மட்டுமே போதும் என்று இருக்கிற வீடுகள் நம்மிடம் குறைவு. 'தண்ணி விட்டுக் கழுவினால்தான் சுத்தம்' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார், அதில் தப்பும் இல்லை. பிறந்த குழந்தையின் தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சோ மெல்லிய துணியோ நல்லது. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நீங்கள் யோசித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து பாத்ரூம் வரை ஒரு முறை நடந்து பாருங்கள், கையில் ஒரு தலையணையை ஏந்திக்கொண்டு. ஏந்தியிருக்கும்போது கீழே கால் தெரியாது. வழியில் மிதியடி சுருண்டு கிடக்கிறதா, பாத்ரூம் நிலைப்படி தடுக்குகிறதா, உள்ளே டைல்ஸ் எப்போதும் ஈரமா என்று அப்போதுதான் தெரியும். அடிக்கடி வழுக்கும் பாத்ரூம் என்றால் அங்கே கழுவும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

வாஷ்பேசினில் குழந்தையின் அடியைக் கழுவுவது பலருக்குப் பழக்கம். சுவரில் மாட்டிய பேசின் மேல் எடையை அழுத்தாதீர்கள், அது ஆள் சாய்வதற்கு மாட்டியதல்ல. கீசர் இணைப்புள்ள குழாய் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். திறந்தவுடன் பச்சைத் தண்ணீராக வந்து, கால் நிமிடத்தில் கொதிக்கக் கொதிக்க வரும். ஓடுகிற குழாய்க்கு அடியில் குழந்தையைக் காட்டாமல், ஒரு மக்கில் பிடித்து, உங்கள் முழங்கையின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள்.

இதைவிட எளிய வழி, தண்ணீரை நீங்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிடுவது. ஒரு பிளாஸ்கில் வெந்நீர், ஒரு சொம்பில் பச்சைத் தண்ணீர், கலக்க ஒரு சின்னக் கிண்ணம். காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு தடவை நிரப்பி வைத்தால் போதும். கலக்கும் வேலையைக் குழந்தையைக் கிடத்தும் முன்பே முடித்துவிட வேண்டும். வெந்நீர் பிளாஸ்கைக் குழந்தை கால் உதைக்கும் தூரத்தில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

3. எந்த இடம்?

தரை. என்னைக் கேட்டால் முதல் மதிப்பெண் இதற்குத்தான். தரையிலிருந்து விழ இடமில்லை. ஆள் மாறினாலும், கவனம் சிதறினாலும், குழந்தை திடீரென்று புரளக் கற்றுக்கொண்டாலும் தரை மன்னித்துவிடும். கோரைப்பாய் விரித்து, மேலே ஒரு மடித்த ஜமக்காளம், அதன்மேல் ரப்பர் ஷீட், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பருத்தித் துணி என்று அடுக்கினால் ஜில்லிப்பு ஏறாது. ரப்பர் ஷீட்டை மருந்துக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு மீட்டர் தாராளம். ரப்பர் மேல் குழந்தையை நேரடியாகக் கிடத்தாதீர்கள், வியர்த்து முதுகெல்லாம் சிவந்துபோகும்.

தரைக்கும் குறைகள் உண்டு. நம் வீடுகளில் முதல் குறை எறும்பு. பால் கக்கிய துணி கிடக்கிற இடத்துக்கு எப்படியோ வந்துவிடும். அதற்காகப் பாயைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போட வேண்டாம், அது பூச்சிமருந்து. கொஞ்ச நாளில் அதே தரையில்தான் குழந்தை கையை ஊன்றி அந்தக் கையை வாயில் வைக்கப் போகிறது. பாயைத் தினமும் உதறிச் சுருட்டி வைத்து, இடத்தை ஈரத்துணியால் துடைத்தாலே எறும்பு குறைந்துவிடும். வீட்டில் நாய், பூனை இருந்தாலோ, மூத்த குழந்தை ஓடியாடும் வயதில் இருந்தாலோ ஹாலின் நடுத்தரை சரிப்படாது. சுவரோரமாக, நடமாட்டம் இல்லாத மூலையாகப் பாருங்கள்.

கட்டில். சுவரோடு ஒட்டிப்போட்ட கட்டில், நடுவில் கிடத்துகிறீர்கள், எதிரே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் குப்புற விழும் வயதுவரை ஓட்டலாம். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், குழந்தை அதில் சிக்கிக்கொள்ளும். இருந்தால் கட்டிலை நன்றாகத் தள்ளி ஒட்டிவிடுங்கள். துணியைத் திணித்து அடைத்தால் அது நழுவிக் கீழே போய்விடும். சுற்றிலும் தலையணை அடுக்கிவிட்டுப் போவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தலையணை குழந்தையைத் தடுக்காது. அதன்மேல் ஏறி விழும், இல்லையென்றால் முகம் புதைந்து மூச்சுக்குத் திணறும்.

மெத்தை மிக மெத்தென்று இருந்தால் இடுப்பு அமுங்கி, மூத்திரம் முதுகுப் பக்கம் ஓடும். டயப்பர் கசிகிறது என்று அளவு மாற்றி மாற்றி வாங்குகிற சில வீடுகளில், இப்படி அமுங்கிய மெத்தையில் கோணலாகக் கட்டுவதுதான் காரணமாக இருக்கும்.

சோபா வேண்டாம். அகலம் போதாது, இருக்கையும் முன்பக்கம் சரிவாக இருக்கும். திவான் அகலமாக இருந்தால் கட்டிலுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

டயப்பர் மாற்றுவதற்கென்றே விற்கும் மேஜை முதுகுவலிக்காரர்களுக்கு உண்மையிலேயே உதவும். நின்றபடி மாற்றும்போது மேல்பரப்பு உங்கள் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் குனிய வேண்டியதில்லை. நாலு பக்கமும் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும், அசைத்தால் ஆடக் கூடாது. இழுப்பறை வைத்த அலமாரியின் தலையில் மெத்தை போட்டு மாற்றுவதாக இருந்தால் அலமாரியைச் சுவரோடு திருகி முடுக்குங்கள். இழுப்பறைகளைத் திறந்த நிலையில் முன்பக்கம் சாய்ந்துவிடும். பெல்ட் இருக்கிறதே என்று கையை எடுத்துவிடவும் முடியாது. இவ்வளவு செலவழித்து வாங்குவது இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஒரு பீரோ அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். மூன்று நாலு மாதத்தில் குழந்தை குப்புற விழ ஆரம்பித்ததும் எப்படியும் தரைக்குத்தான் வரப்போகிறீர்கள். முதுகுப் பிரச்சினை இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி. யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாஷிங் மெஷினின் மேல்பக்கம், சாப்பாட்டு மேஜை, சமையல்மேடை மூன்றையும் யோசிக்கவே வேண்டாம். மெஷின் வழவழப்பு, அதுவும் ஓடும்போது மேலே வைத்தது மெல்ல நகரும். மற்ற இரண்டும் நாம் சாப்பிடுகிற இடம், மலக்கிருமிக்கு அங்கே வேலையில்லை.

4. தேர்ந்தெடுத்த இடத்தில் நீங்களே ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள்

சிரிக்க வேண்டாம். குழந்தை மல்லாந்து பார்க்கப்போகிற அதே இடத்தில் நீங்களும் மல்லாந்து படுங்கள். நேர் மேலே ஃபேன் முழு வேகத்தில் அடிக்கிறதா, ஏசி காற்று முகத்துக்கே வருகிறதா, தலைக்கு மேல் சுவர்க்கடிகாரமோ கண்ணாடி போட்ட சாமி படமோ சாமான் அடுக்கிய ஷெல்ஃபோ இருக்கிறதா என்று அப்போதுதான் கண்ணில் படும். ஈர உடம்போடு காற்றில் கிடந்தால் பிறந்த குழந்தை சீக்கிரம் குளிர்ந்துபோகும். மாற்றுகிற இரண்டு நிமிடத்துக்கு ஃபேனைக் குறைக்க முடிகிற மாதிரி, அல்லது காற்று நேரே படாத மூலையாகப் பாருங்கள். படமும் கடிகாரமும் வேறு சுவருக்குப் போகட்டும்.

அப்படியே தலையைத் திருப்பினால் கீழ்மட்ட ப்ளக் பாயின்ட் தெரியும். அதில் கொசுவிரட்டி சொருகியிருந்தால் இடம் மாற்றுங்கள். தவழுகிற குழந்தைக்கு முதலில் எட்டுவது அதுதான், உள்ளே இருக்கிற திரவம் விஷம்.

இப்போது விளக்கு. இதைப் பலரும் யோசிப்பதில்லை. டயப்பர் மாற்றும் இடம்தான் குழந்தையின் உடம்பு என்ன சொல்கிறது என்று நீங்கள் பார்க்கிற இடம். முதல் இரண்டு நாள் மலம் தார்போலக் கறுப்பாக இருக்கும். நாலைந்து நாளில் பச்சை கலந்து, அப்புறம் கடுகு மஞ்சளாக மாறும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அது தண்ணியாக, குருணை குருணையாக இருப்பது சகஜம். இடையிடையே பச்சையாகப் போனாலும் பயமில்லை. ஆனால் வெளுத்து, சுண்ணாம்பு அல்லது களிமண் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அப்படியானால் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை, பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால்தான் நல்ல பலன் தரும். மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெளுத்த மலமும் மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் பகலில் ஜன்னல் வெளிச்சம் வருகிற இடம், ராத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கு என்று ஏற்பாடு இருக்க வேண்டும். ஈரமான டயப்பர்களை எண்ணுவதும் இங்கேதான். முதல் வாரம் கடந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறாவது இல்லையென்றால் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

5. சாமான்களை அடுக்குவது

ஒரு கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கைக்கு எட்டுகிற தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும். எட்டாத சாமான் அங்கே இல்லாத சாமானுக்குச் சமம். வலதுகைக்காரர் என்றால் எல்லாம் வலப்பக்கம்.

நாலைந்து துணி அல்லது டயப்பர், பஞ்சு அல்லது வைப்ஸ், தண்ணீர்க் கிண்ணம், ஒத்தி எடுக்க உலர்ந்த மெல்லிய துண்டு, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு, ஒரு செட் மாற்றுச் சட்டை, சுருட்டிப் போடப் பழைய செய்தித்தாள். இவ்வளவுதான். விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் கூடை ஒன்றில் அடங்கிவிடும். கூடையாக இருந்தால் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கும் போகலாம். பவுடர் டப்பாவுக்கு இந்தக் கூடையில் இடம் கொடுக்காதீர்கள். தூவும்போது எழும் தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் என்பதால் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பாட்டி கோபித்துக்கொண்டால் மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

துணிகளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். பழைய நூல் வேட்டியையும் பருத்திச் சேலையையும் கிழித்து லங்கோடு தைப்பது இன்றைக்கும் நல்ல பழக்கம்தான், அவ்வளவு மெதுவான துணி கடையில் கிடைக்காது. ஆனால் அவை பீரோவில் அந்துருண்டையோடு பல வருஷம் கிடந்த துணியாக இருக்கும். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. எனவே அந்த வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். குழந்தைத் துணி அடுக்குகிற தட்டில் அந்துருண்டை போடவே கூடாது. வாசனை போகவில்லையா, அந்தத் துணி வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரசவம் என்றால் துணிகளை இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அடைமழையில் எதுவும் காயாது. அரைகுறை ஈரத்தோடு கட்டினால் தொடையிடுக்கில் புண்தான்.

6. அழுக்கு எங்கே போகும்?

நல்ல இடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயோரத்தில் வைப்போம், குழந்தை உதைத்து அதிலேயே காலை விடும்.

காலால் மிதித்தால் திறக்கும் மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். மலம் இருந்தால் முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி, அதன் பட்டியாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து போடுங்கள். டயப்பரைக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது ஊறி உப்பிக் குழாயை அடைத்துவிடும். பயன்படுத்திய டயப்பரைப் பொதிந்து தனியாகக் கொடுக்க வேண்டும், மக்கும் குப்பையோடு கலக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அதைப் பிரிக்க நேரிடாமல் இருப்பதற்காகத்தான் அது. பொட்டலத்தின் மேல் பேனாவால் ஒரு சிவப்புக் குறி போட்டுவிட்டால் அவருக்கு இன்னும் சுலபம்.

துணி நாப்பிக்கு மூடி போட்ட வாளி வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டு அறையிலேயே வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. நாறும், கொசு வரும். அதைவிட, மூத்த குழந்தை இருக்கிற வீட்டிலும் இந்தக் குழந்தை பிடித்து நிற்க ஆரம்பித்த பிறகும், வாளியில் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. தலைகீழாக விழுந்த குழந்தைக்குத் தன்னால் எழ முடியாது. மலத்தை அலசிவிட்டு உலர்ந்த வாளியிலேயே போட்டு வையுங்கள். துவைக்கும்போது ஊறவைத்தால் போதும்.

7. ஒரு தடவை செய்து பாருங்கள்

எல்லாம் வைத்தாகிவிட்டது. ஒரு பொம்மையைக் கிடத்தி ஆரம்பம் முதல் கடைசிவரை மாற்றிப் பாருங்கள், எங்கே எழுந்திருக்க நேர்கிறது என்று. எழுந்திருக்க வைத்த சாமான் எதுவோ அது கூடைக்குள் வர வேண்டும்.

குழந்தை வந்த பிறகு வேலை இப்படிப் போகும். கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். புது டயப்பரை விரித்து முதலிலேயே பழையதற்கு அடியில் நுழைத்துவிடுங்கள். இதனால் விரிப்பு பாதி நாள் தப்பிக்கும். பழையதைத் திறந்ததும் உடனே உருவிவிட வேண்டாம், ஒரு நொடி அப்படியே மூடிப் பிடியுங்கள். காற்றுப் பட்டதும் பெய்கிற பழக்கம் நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. ஆண் குழந்தை என்றால் மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளாவிட்டால் உங்கள் சட்டையும் மாற்ற வேண்டியதாகிவிடும். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும், திருப்பித் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். முதல் வாரத்தில் பெண் குழந்தையின் டயப்பரில் துளி ரத்தக்கறை தெரிந்தால் பதற வேண்டாம், தாயின் ஹார்மோன் குறைவதால் வருவது. ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவக் கூடாது.

இரண்டு கணுக்காலையும் பிடித்து இடுப்பு தொங்கும்படி தூக்குவதைவிட, பக்கவாட்டில் லேசாகப் புரட்டித் துடைப்பது நல்லது. பால் குடித்த கையோடு காலைத் தூக்கினால் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும். தொப்புள்கொடி விழுகிறவரை, அதாவது ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை, டயப்பரின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். மாற்றியவுடனே கட்டிவிடாமல் கொஞ்ச நேரம் காற்றாட விட்டால் தோலுக்கு அதைவிட மருந்து இல்லை. இதற்கும் தரைதான் வசதி. கடைசியில் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் கிடத்திவிட்டு, சோப்பு போட்டுக் கைகழுவுங்கள்.

8. ராத்திரிக்குத் தனி ஏற்பாடு

பகலில் ஹால் மூலையில் மாற்றினாலும் ராத்திரிக்கு நீங்கள் படுக்கிற அறையிலேயே ஓர் இடம் வேண்டும். அரைத்தூக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடப்பது தேவையில்லாத வம்பு. பால் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் உத்தமம். பிறந்த குழந்தைகள் பால் குடிக்கும்போதோ குடித்து முடித்ததுமோ மலம் கழிப்பது வழக்கம். ஒரு பக்கம் கொடுத்துவிட்டு மாற்றி, அப்புறம் மறுபக்கம் கொடுத்தால் அப்படியே தூங்கிவிடும்.

ஜீரோ வாட் பல்பில் மாற்றலாம், நிறம் பார்க்க வேண்டுமானால் மட்டும் வெள்ளை விளக்கைப் போடுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், பேசினால் அது விளையாட்டு நேரம் என்று முழித்துக்கொள்ளும். டயப்பர் வெறும் ஈரம்தான், தோலில் புண் இல்லை, குழந்தையும் தூங்குகிறது என்றால் எழுப்பி மாற்ற வேண்டியதில்லை. மலம் கழித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். துணி நாப்பி ஈரமானாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுகிற பெரியவருக்குத் தூக்கம் கண்ணைச் சொருகுகிற நேரம் இது, அதனால் ராத்திரி இடம் உயரமாக இருக்கவே கூடாது. பாயும் கூடையும் கட்டிலுக்குக் கீழே தயாராக இருந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

9. இடம் மாறும் காலங்கள்

தாய் வீட்டில் மூன்றோ ஐந்தோ மாதம் இருந்துவிட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகும் வழக்கம் இருந்தால், போவதற்கு முன்பே அங்கே இருக்கிறவரிடம் இடத்தைச் சொல்லித் தயார் செய்துவையுங்கள். கணவரே ஒன்று முதல் ஆறுவரை உள்ள படிகளை அங்கே நடத்தட்டும். அங்கே கட்டில் உயரம் வேறு, பாத்ரூம் தூரம் வேறு. அதோடு குழந்தை குப்புற விழுகிற வயதும் ஏறக்குறைய இதுதான், நாலு மாதத்தையொட்டி. சிலது மூன்றிலேயே விழும். அன்றிலிருந்து கட்டிலுக்கும் மேஜைக்கும் விடை கொடுத்துத் தரைக்கு வந்துவிட வேண்டும்.

ஆறு, ஏழு மாதத்தில் மல்லாந்து கிடக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கையில் கிலுகிலுப்பையோ சுத்தமான ஸ்பூனோ கொடுத்தால் ஒரு நிமிடம் கிடைக்கும். வைப்ஸ் பாக்கெட்டையும் களிம்பு ட்யூபையும் விளையாடக் கொடுக்காதீர்கள், இரண்டும் வாய்க்குள்தான் போகும். இந்த வயதிலிருந்து கூடைக்கு மூடி வேண்டும்.

ஒரு வயதையொட்டி நிற்க ஆரம்பித்ததும் ஈர டயப்பரை நின்றபடியே மாற்றிவிடலாம். பேன்ட் மாதிரி ஏற்றும் வகை அதற்கு வசதி, கழற்றும்போது பக்கவாட்டுத் தையலைக் கிழித்தால் போதும். மலம் கழித்திருந்தால் மட்டும் படுக்க வைத்தே ஆக வேண்டும், நிற்க வைத்தால் கால்வழியெல்லாம் இழுகிவிடும். அப்போது பாத்ரூம் வாசலுக்கு வெளியே, உலர்ந்த தரையில் பாயை மாற்றிப் போடுங்கள். கழிப்பறைப் பழக்கம் ஆரம்பிக்கும்போது அதே வாசல்தான் பயன்படப் போகிறது. ரப்பர் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டயப்பரை விட்ட பிறகும் ராத்திரியில் படுக்கை நனைவது சில வருஷங்கள் நடக்கும், பெட்ஷீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம்.